பெயர் ஒன்று, ஆள் வேறு

(சேலத்தில் நிகழ்ந்த தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பிள்ளைகட்குத் தூய தமிழ்ப்பெயர் சூட்டுக என்பதை இவ்வவையில் பன்முறை கேட்டிருக்கிறீர்கள். அங்ஙனம் சூட்டிய பெயர், நம் நிலத்தின் எல்லையைக் கடந்தபின் என்ன பாடுபடுகிறது என்பதையே இன்று எண்ணிப் பார்க்க அழைக்கிறேன். இஃது எங்கோ நடக்கும் செய்தி என்று எண்ணற்க! நாமக்கல்லிலிருந்தும் திருச்செங்கோட்டிலிருந்தும் இராசிபுரத்திலிருந்தும் நம் இளைஞர்கள் கடல் கடந்து வேலைக்குச் செல்கின்றனர். கணிப்பொறி கற்றவனும் செல்கிறான். ஆழ்துளைப் பொறி ஓட்டுபவனும் செல்கிறான். அவர்கள் வானூர்தி நிலையத்து வாயிலில் நிற்கும்பொழுது, அவர்களுக்கு முன்னே அவர்கள் பெயர் சென்று நிற்கிறது. அந்தப் பெயர் ஒரு பட்டியலோடு ஒத்துப் பார்க்கப்படுகிறது. அதற்கு ஐயப்பட்டியல் என்று பெயரிடலாம். வானூர்தியில் ஏற்றத் தகாதவர், உசாவிய பின்னரே ஏற்றத் தக்கவர் என்று அரசுகள் தொகுத்து வைத்திருக்கும் பெயர்க் கோவை அது. 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-இல் அமெரிக்காவில் நிகழ்ந்த கொடுந்தாக்குதலுக்குப் பின்னர் இப்பட்டியல்கள் பெருகின.

கொடியவனைத் தடுக்கப் பட்டியல் வேண்டாவா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும்! வானூர்தியில் ஏறுவோர் உயிரும் உயிரே. ஆனால், பட்டியலில் இருப்பது பெயர். வாயிலில் நிற்பவன் ஆள். பெயர் ஒத்ததனாலேயே ஆளும் ஒத்தான் ஆகிவிடுவானா?

நடந்தவற்றைப் பாருங்கள். 2002-ஆம் ஆண்டில் பரமக்குடியிற் பிறந்த நடிகர் கமலகாசன், கனடாவின் தொரண்டோ வானூர்தி நிலையத்தில் அமெரிக்க அலுவலரால் நிறுத்தி உசாவப்பட்டார். பெயரின் பிற்பகுதி அவர்கள் செவிக்கு அரபுப் பெயராக ஒலித்ததே கரணியம். அவர்தம் உடன்பிறந்தார் சாருகாசன், சந்திரகாசன். மூவர் பெயரும் ஒரு தந்தை ஒரே ஈற்றில் அமைத்த பெயர்கள். அது தமிழ்ப்பெயரா, வடசொற்பெயரா என்று நாம் வழக்காடலாம். ஆனால் தொரண்டோவில் அமர்ந்திருந்தவருக்கு அந்த வழக்கே தெரியாது. 2009 ஆகசுட்டில் வடநாட்டு நடிகர் சாருக்கான் நியூவார்க்கு நிலையத்தில் நிறுத்தப்பட்டார். அவர் பெயரும் கணிப்பொறியில் ஐயக்குறி பெற்றது.

நிறத்தாலும் சமயத்தாலும் வந்த இடர் மட்டுமே இது என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்க மேலவை உறுப்பினர் எட்வர்டு கென்னடி, கொலையுண்ட குடியரசுத் தலைவரின் உடன்பிறந்தார், 2004-ஆம் ஆண்டில் பலமுறை வானூர்தி ஏறவிடாது தடுக்கப்பட்டார். பட்டியலில் ‘டி. கென்னடி’ என்றொரு புனைபெயர் இருந்ததாம்! அதை நீக்க மூன்று கிழமைக்கு மேலாயிற்று என்று அவரே மேலவைக் குழுவின் முன் கூறினார். அத்துணைப் பெரியவர்க்கே அந்நிலை என்றால், எடப்பாடியிலிருந்தும் பரமத்தியிலிருந்தும் செல்லும் எளியவன் எவரிடம் முறையிடுவான்?

இப்பிழை எப்படி நேர்கிறது? பெயரை ஒலியால் தொகுக்கும் முறையொன்றை இராபர்ட்டு இரசல் என்னும் அமெரிக்கர் 1918-இல் உரிமைப்பதிவு செய்தார். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கின் பெயரடைவுகளுக்கும் அம்முறை கையாளப்பட்டது. முதலெழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, மெய்களுக்கு எண் கொடுப்பது அம்முறை. அதில் ககரத்துக்கும் சகரத்துக்கும் ஒரே எண். மகரத்துக்கும் நகரத்துக்கும் ஒரே எண். இலக்கணம் கற்றோர் சிரிப்பீர்கள்! அம்முறைப்படி நம் முருகனை ஆங்கில எழுத்தில் எழுதிக் கணக்கிட்டால் ‘எம் 625’ என்று வரும். மாரிசன் என்னும் ஆங்கிலேயனைக் கணக்கிட்டாலும் ‘எம் 625’ என்றே வரும். குன்றுதோறாடும் முருகனும் கடல்கடந்த மாரிசனும் அங்கே ஒருவர்!

இதன் மறுபுறமும் உண்டு. அழகன் என்னும் பெயரின் ழகரத்தை ஒருவர் ‘எல்’ இட்டு எழுதுவார். மற்றொருவர் ‘இசட், எச்’ இட்டு எழுதுவார். முன்னதற்கு ‘ஏ 425’. பின்னதற்கு ‘ஏ 225’. ஓர் அழகனே ஈரழகன் ஆகிவிட்டான்! இன்றைய கணிப்பொறிகள் இதனினும் நுட்பமான முறைகளைக் கையாளலாம். ஆனால் மூலநோய் மாறவில்லை. 247 எழுத்து ஒலிக்கும் மொழியை 26 எழுத்துக்குள் அடைத்தால், லகர, ளகர, ழகர வேறுபாடு எங்கே நிற்கும்? முகிலன் என்னும் பெயரின் ககரத்தை மூவர் மூன்று ஆங்கில எழுத்தால் எழுதுவர். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, கடவுச்சீட்டில் ஒன்று, வானூர்திச் சீட்டில் ஒன்று என்றால், அவன் மூன்று பெயரில் திரிபவன் ஆகிறான். அலுவலர் ஐயுறுவதற்கு நாமே இடந்தருகிறோம்.

இனி, பெயரமைப்பைப் பாருங்கள். நம் வழக்கில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கும். தன் பெயர் பின்னே நிற்கும். மேலையர் வழக்கிலோ குடும்பப்பெயர் ஒன்று கட்டாயம் வேண்டும். கந்தசாமி மகன் இளங்கோவை அவர்கள் ‘திரு. கந்தசாமி’ என்றே அழைக்கின்றனர். மகன் வானூர்தியில் செல்கிறான். தந்தை பெயர் பட்டியலில் ஒப்பிடப்படுகிறது! ஒற்றைப் பெயரோடு செல்பவர்க்கு அமெரிக்க நுழைவிசைவுச் சீட்டில் ‘எஃப்.என்.யூ.’ என்று அடித்துக் கொடுக்கின்றனர். முதற்பெயர் அறியப்படவில்லை என்பது அதன் பொருள். பெற்றோர் நாள் பார்த்துச் சூட்டிய பெயர் கண்ணெதிரே இருக்க, அறியப்படவில்லை என்கிறது சீட்டு! 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோரைச் சுற்றுலா நுழைவிசைவில் ஏற்பதில்லை என்றது. தந்தை பெயரோ குடும்பப்பெயரோ கடவுச்சீட்டின் உட்பக்கத்தில் இருந்தால் ஏற்போம் என்று பின்னர் விளக்கம் வந்தது.

ஒத்த பெயரோரைப் பிரித்தறியும் கலை நமக்குப் புதிதா? கழகக்காலப் புலவர் பெயர்களை எண்ணிப் பாருங்கள். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். உறையூர் மருத்துவன் தாமோதரனார். ஊர், தந்தை, தொழில், பெயர் என்று நான்கும் ஒருங்கு நின்று, இவர் இவரே, பிறர் அல்லர் என்று சொல்லிவிடும். இன்றும் எந்தப் பள்ளி வகுப்பிலும் மூன்று செந்தில்குமார் இருப்பர். ஆசிரியர் ஒருவன் குறும்புக்கு மற்றவனை ஒறுப்பதில்லை. தலைப்பெழுத்தைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கிறார், ஐயமிருப்பின் கேட்கிறார். அரசு என்னும் பேரமைப்புக்கு இந்த எளிய அறிவு வேண்டாவா?

கேளாமல் ஒறுத்ததன் கேட்டைத் தமிழன் அறிந்ததுபோல் வேறு எவன் அறிவான்? சிலப்பதிகாரம் முழுதும் ஒரு பொருத்தப் பிழையின் கதையன்றோ! கோவலன் கையிலிருந்த சிலம்பு அரசியின் சிலம்போடு தோற்றத்தால் ஒத்தது. பொற்கொல்லன் சொன்னான், மன்னன் ஆராய்ந்திலன், கோவலன் வெட்டுண்டான். ஆனால் உள்ளே இருந்த பரல் வேறு. அரசி சிலம்பில் முத்து. கண்ணகி சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியை முன்னரே செலவிட்டிருந்தால் மதுரை எரிந்திராது. பெயர் என்பது சிலம்பின் புறம். பிறந்த நாள், தந்தை பெயர், ஊர், வாழ்க்கை ஆகியவை உள்ளிருக்கும் பரல். புறத்தைக் கண்டு தீர்ப்பளிப்பவன் எந்த நாட்டானாயினும் பொற்கொல்லன் சொற்கேட்ட மன்னனே. அந்தப் பாண்டியனுக்காவது தன் பிழையறிந்த அளவிலேயே உயிர் நீங்கிற்று. இன்றைய அரசுகள் பிழையை ஒப்புக்கொள்ளவே ஆண்டுக்கணக்கில் வழக்காடுகின்றன!

மலேசிய நாட்டுப் பெண்மணி இரகீனா இபுராகிம் வழக்கைக் கேளுங்கள். அவர் அமெரிக்காவின் சுதான்போர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவி. 2005 சனவரி 2-ஆம் நாள் சான் பிரான்சிசுக்கோ நிலையத்தில், உருளை நாற்காலியில் வந்த அவருக்குக் கைவிலங்கு இட்டனர். அடுத்த நாள் நாடு திரும்ப விட்டனர். மீண்டும் அமெரிக்காவுக்குள் வரவிட்டாரில்லை. அவர் வழக்குத் தொடுத்தார். ஒன்பது ஆண்டு கழித்து, 2014 சனவரியில் தீர்ப்பு வந்தது. நடந்தது என்ன? உளவுத்துறை அலுவலர் ஒருவர் படிவத்தில் குறியிடும்பொழுது கட்டத்தை மாற்றிக் குறியிட்டுவிட்டார். அவ்வளவே! ஒரு கோணற்குறி ஒரு பெண்ணின் ஒன்பதாண்டை விழுங்கிற்று. பிழை செய்வது மாந்த இயல்பு. பிழைக்கு ஆளானவர்க்கு அதைச் சொல்லாமல் மறைப்பதே கொடுமை.

அன்பர்களே, இங்கே ஓர் எச்சரிக்கை. நம்மவர் தடுக்கப்பட்டால், “நான் முசுலிம் அல்லேன், என்னை ஏன் நிறுத்துகிறீர்கள்?” என்று கேட்கத் தோன்றும். அது தமிழனுக்கு ஒவ்வாத கேள்வி. அப்படிக் கேட்பவன், முசுலிமை நிறுத்தினால் தகும் என்று ஒப்புக்கொள்கிறான். கீழக்கரை முசுலிமும் வேலூர் முசுலிமும் தமிழரே. அவர்தம் பெயர் அரபுப் பெயராயின் அதனால் குற்றம் பிறந்துவிடாது. “நான் அவன் அல்லேன், ஆராய்ந்து பார்” என்பதே கேட்கத்தக்க கேள்வி.

பட்டியலால் ஈழத்தமிழர் பட்டதையும் மறத்தல் கூடாது. 2014 மார்ச்சில் இலங்கை அரசு 16 அமைப்புகளையும் 424 பேரையும் அரசிதழில் பட்டியலிட்டது. பலர் புலம்பெயர்ந்து வாழ்வோர். தாய்மண்ணில் கால்வைக்க அஞ்சினர். 2015-இல் ஆட்சி மாறிய பின் அவர்களுள் 260-க்கு மேற்பட்டோரை நீக்கினர். 2021-இல் மீண்டும் நூற்றுக்கணக்கானோரைச் சேர்த்தனர். 2022-இல் 300-க்கு மேற்பட்டோரை நீக்கினர். ஆட்சி மாறும்போதெல்லாம் ஒருவன் குற்றவாளியாகவும் குற்றமற்றவனாகவும் மாறுவானா? நயன்மன்றம் உசாவாத பட்டியலின் தன்மை அதுதான்.

இந்தியாவில் 2017 செப்டம்பரில் வந்த விதியை ஒப்புநோக்குங்கள். வானூர்திக்குள் அடாவடி செய்பவனை ஏற்றாது விலக்க அவ்விதி இடந்தருகிறது. ஆனால் ஓய்வுபெற்ற மாவட்ட நடுவர் தலைமையிலான குழு முடிவு சொல்லவேண்டும், மேல்முறையீடும் உண்டு. அடாவடி செய்தவனுக்கே தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பிருக்க, ஒன்றும் செய்யாது பெயர் மட்டும் ஒத்தவனுக்கு அவ்வாய்ப்பு இல்லையென்றால் அஃது என்ன முறை?

நாம் செய்யத்தக்கவை யாவை? முதலாவது, நம் பெயரை எங்கும் ஒரே எழுத்தமைதியில் எழுதுவோம். பள்ளியிற் சேர்க்கும் நாளிலேயே தந்தை, தாய் பெயரை முழுமையாக விரித்து எழுதுவோம். கடவுச்சீட்டில் உள்ளபடியே வானூர்திச் சீட்டிலும் எழுதுவோம். இரண்டாவது, தடுக்கப்பட்டோர் வாளாவிருத்தல் கூடாது. அமெரிக்காவில் 2007 முதல், தவறாகத் தடுக்கப்பட்டோர் முறையிட்டுத் தீர்வெண் பெறும் வழி உண்டு. சீட்டு வாங்கும்பொழுது அவ்வெண்ணையும் கொடுத்தால் பெயர்க்குழப்பம் குறையும். முழுப்பெயரோடு பிறந்த நாளும் கேட்கத் தொடங்கியது அதன் பின்னரே. சிலம்பை உடைத்துப் பார்க்க அவர்களும் சிறிது கற்றுக்கொண்டனர்!

மூன்றாவது, நம் உரிமை. இந்தியக் கடவுச்சீட்டில் இந்திக்கு இடமுண்டு; ஆங்கிலத்துக்கு இடமுண்டு; தமிழன் பெயர் தமிழெழுத்தில் நிற்க இடமில்லை. பொறி படிக்க உரோமன் எழுத்து வேண்டும் என்பது பன்னாட்டு விதி, அதை மறுக்கவில்லை. ஆனால் அவ்விதியே, கண்ணாற் படிக்கும் பகுதியில் அவரவர் எழுத்தும் நிற்கலாம் என்கிறது. கிரேக்கன் கடவுச்சீட்டில் கிரேக்க எழுத்தும், உருசியன் கடவுச்சீட்டில் உருசிய எழுத்தும் நிற்கின்றன. தமிழெழுத்து நின்றால் மட்டும் பிழையெல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்லமாட்டேன். ஆயின், ஐயம் எழும்பொழுது அழகன் யார், அலகன் யார் என்று ஐயமறத் தெரிந்துகொள்ள மூலச்சான்று ஒன்று இருக்கும். நடுவணரசை நோக்கி இதைக் கேட்போம். மக்கள்மன்றத்துக்கு நாம் விடுத்தவர்களைக் கேட்கச் செய்வோம்.

பெயர் தாய்தந்தையர் தந்த முதற்செல்வம். அதை நாமே சிதைத்து எழுதுதலும் கூடாது. பிறர் அதைக் கொண்டு நம்மைச் சிதைக்க விடுதலும் கூடாது.