திருத்தமும் செய்தியே



உள்ளத்திற்கு உண்மை, வாய்க்கு வாய்மை, மெய்க்கு மெய்ம்மை என மூன்று சொற்களை வைத்தது நம் தமிழ். செய்தி எழுதும் கைக்கோ இம்மூன்றும் வேண்டும்.

1980ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், அமெரிக்கத் தலைநகரின் 'வாசிங்டன் போசுட்டு' நாளிதழ் முதற்பக்கத்தில் ஒரு செய்தியை வெளியிட்டது. எராயின் என்னும் மயக்கப்பொருளுக்கு அடிமையாகிவிட்ட, எட்டு அகவைச் சிறுவன் சிம்மியைப் பற்றியது அது. எழுதியவர் சானெட்டு குக்கு என்னும் இளம்பெண். ஊரே துடித்தது, காவலர் தேடினர், சிறுவன் கிட்டவில்லை. ஆயினும் 1981 ஏப்பிரல் 13ஆம் நாள் அச்செய்திக்குப் புலிட்சர் பரிசு அறிவிக்கப்பட்டது. ஓரிரு நாளில் கட்டு குலைந்தது. தம் கல்வித் தகுதியைப்பற்றி அவர் எழுதிக்கொடுத்தவை பொய்யெனத் தெரிந்தன. துருவிக் கேட்டபோது, சிம்மி என்றொரு சிறுவனே இல்லை என்று ஒப்புக்கொண்டார். பரிசு திருப்பித் தரப்பட்டது. அவரும் பணி துறந்தார்.

வாட்டர்கேட்டு ஊழலை வெளிக்கொணர்ந்த இதழன்றோ அது! நாட்டின் தலைவரையே ஐயுற்றவர்கள், தம் அறையில் அமர்ந்து எழுதியவரை உரிய வேளையில் ஐயுறவில்லை. வெளியிடுமுன் சிறுவனின் வீட்டை நேரில் பார்த்திருப்பின் பொய் அன்றே வெளிப்பட்டிருக்கும். ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக்கொண்டு ஒத்துப் பார்க்கச் சொன்னவர் வள்ளுவர். செய்தியாளரும் மக்களின் ஒற்றரே.

எனினும் ஒன்றை மறைத்தால் நானும் நேர்மை தவறியவனாவேன். படிப்போர் சார்பில் இதழை ஆய்வதற்கென அமர்த்தப்பட்டிருந்த பில் கிரீன் என்பவர், தவறு நேர்ந்த வகையை விரிவாக எழுதினார். ஏப்பிரல் 19ஆம் நாள் அவ்விதழே அதை முதற்பக்கத்தில் தொடங்கி வெளியிட்டது. பொய் ஏறிய இடத்திலேயே திருத்தமும் ஏறியது.

நான் கரும்பலகையில் எழுதிப் பிழைப்பவன். ஒருமுறை ஒரு நூலாசிரியர் பெயரைப் பிழைபட எழுதினேன். மாணவன் ஒருவன் சுட்டினான். ஓசையின்றி அழித்துத் திருத்தினேன், வகுப்பிற்குச் சொல்லவில்லை. தேர்வில் பதினெட்டுப் பேர் என் பிழையையே எழுதியிருந்தனர். யாருக்கு மதிப்பெண் குறைப்பது? பலகையில் அழித்தேன், ஏடுகளில் அழிக்கவில்லையே!

முதற்பக்கத்தில் பிழைத்துவிட்டு, எட்டாம் பக்க மூலையில் 'வருந்துகிறோம்' என்னும் இதழும் அன்றைய என்னைப் போன்றதே. ஆகவே அன்பர்களே, பிழை கண்டால் ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். திருத்தம் வரும்வரை எழுதுங்கள். நமக்கு உவப்பான செய்தியையே முதலில் ஐயுறுங்கள். நம் பக்கத்துப் பொய்யும் பொய்யே.