நான்காம் முயற்சி



தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் பேச வருகிறவர் பழைய இலக்கியத்தின் பெருமையையோ, வந்த இடத்தில் தாய்மொழியைக் காக்கும் உபாயங்களையோ எடுத்துச் சொல்வதுதான் சம்பிரதாயம். அந்தச் சம்பிரதாயத்துக்கு இன்று ஒரு நாள் விடுமுறை கொடுத்துவிட்டு, நாம் குடியிருக்கும் இந்த டெட்ராயிட் வட்டாரத்தின் ஃபுட்பால் அணியாகிய லயன்ஸ் 2023-ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆடிய விதத்தைப் பற்றிப் பேச உத்தேசித்திருக்கிறேன். விஷயம் நமக்கு அந்நியமானதன்று. நம்மில் பலரை மிச்சிகனுக்கு அழைத்து வந்தது மோட்டார்த் தொழில். அந்த அணி ஆடுகிற ஃபோர்டு ஃபீல்டு என்னும் அரங்கின் நெற்றியில் இருப்பதும் அத்தொழிலின் ஆதிப் பெயர். சென்னைக்குத் தெற்கே மறைமலை நகரில், ஆலை மூடப்படும்வரை, நம் ஊர்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் நுழைந்து வெளிவந்த வாயிலில் எழுதியிருந்ததும் அதே பெயர்தான்.

ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெரியவர்களுக்காக ஆட்டத்தின் ஒரே ஒரு விதியை மட்டும் சொல்லிவிடுகிறேன். மற்றவை தெரியாவிட்டாலும் பாதகமில்லை. பந்தைக் கையில் வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜ தூரம் முன்னேறியாக வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து அந்த இடத்திலேயே எதிரியின் கைக்குப் போய்விடும். ஆகையால் மூன்று முயற்சிகள் முடிந்து இன்னும் ஓரிரண்டு கெஜம் பாக்கியிருக்கும்போது, புத்திசாலிகள் என்று பெயரெடுத்த பயிற்சியாளர்கள் நான்காவதை வீணாக்காமல், தூரத்தில் இருந்தால் பந்தை எதிரியின் பக்கம் நெடுந்தொலைவுக்கு உதைத்து அனுப்பிவிடுவார்கள். கம்பங்களுக்கு அருகில் இருந்தால் அவற்றுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளிகளை வாங்கிக்கொண்டு திருப்தியடைவார்கள். அப்படித் திருப்தியடைய மறுத்த ஒரு மனிதரைப் பற்றியது இந்தப் பேச்சு.

அவரிடம் வருமுன் அணியின் பூர்வ சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1934-இல் ஒஹையோ மாகாணத்துப் போர்ட்ஸ்மவுத் என்னும் சிற்றூரிலிருந்து விலைக்கு வாங்கப்பட்டு இங்கே வந்து சேர்ந்த லயன்ஸ், அவ்வாண்டே நன்றியறிவிப்பு நாளன்று ஆடத் தொடங்கியது. யுத்த காலத்தை ஒட்டிய சில ஆண்டுகள் நீங்கலாக, அந்த வழக்கம் இன்றளவும் நடந்து வருகிறது. 1952-இலும் 1953-இலும் 1957-இலும் அது சாம்பியன் பட்டம் பெற்றது. 1957-இன் இறுதி ஆட்டத்தில் கிளீவ்லாந்து அணியை 59-14 என்று துவம்சம் செய்தது. மறு ஆண்டு, அந்த வெற்றிகளில் பெரும்பங்கு கொண்ட, பந்தெறிந்து ஆட்டத்தை நடத்தும் க்வார்ட்டர்பேக் பாபி லேனைப் பிட்ஸ்பர்குக்குத் தள்ளிவிட்டார்கள். போகிறபோது, இன்னும் ஐம்பது வருஷத்துக்கு நீங்கள் ஜெயிக்கப் போவதில்லை என்று அவர் சாபமிட்டுப் போனதாக ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. அவர் அப்படிச் சொன்னதற்கு நம்பத்தக்க ஆதாரம் ஏதுமில்லை. ஆயினும் ஐம்பது வருஷம் கழிந்தபோது வந்தது 2008.

அந்த 2008-ஐ இங்கே நேரில் அனுபவித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லயன்ஸ் பதினாறு ஆட்டங்கள் ஆடிப் பதினாறிலும் தோற்றது. பதினாறு ஆட்டப் பருவம் ஏற்பட்டபின் அத்தகைய கீர்த்தியை அடைந்த முதல் அணி அதுவே. அதே குளிர்காலத்தில்தான் மோட்டார்க் கம்பெனிகளின் தலைவர்கள் வாஷிங்டனுக்குப் போய்க் கடனுக்குக் கையேந்தி நின்றார்கள்; அடுத்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் மனுக் கொடுத்தன; 2013-இல் டெட்ராயிட் நகரமே கொடுத்தது. வேலைக்குப் போகிறவன் மறுநாள் வேலை இருக்குமோ இராதோ என்று அஞ்சிய அந்த நாட்களில், ஞாயிற்றுக்கிழமைதோறும் தோற்ற அணியையும் சேர்த்துச் சுமந்த இந்த ஊர்க்காரர்களின் அபிமானத்தை வெறும் விளையாட்டுப் பித்து என்று ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. 1957-க்குப்பின் 2023-ஆம் ஆண்டுப் பருவம்வரை நாக்அவுட் சுற்றில் அவர்கள் கண்ட வெற்றி ஒன்றே ஒன்று; அதுவும் 1992 ஜனவரியில்.

தோல்வியே உருவான அந்த 2008-ஆம் ஆண்டு அணியில், காயம்பட்டுப் பெரும்பகுதி ஆட முடியாமல் இருந்த ஓர் ஆட்டக்காரரின் பெயர் டான் கேம்ப்பெல். 2021 ஜனவரியில் அவரே பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். எங்களைக் கீழே தள்ளினால் எழுந்திருக்கிறபோது எதிரியின் முழங்கால் சில்லைக் கடித்துக்கொண்டு எழுவோம் என்னும் பொருள்பட அவர் முதல் நாள் பேசியதைக் கேட்டு நாடே சிரித்தது. சிரித்ததில் தவறும் சொல்ல முடியாது. முதல் பதினோரு ஆட்டங்களில் பத்துத் தோல்வி, ஒரு சமன். பன்னிரண்டாவது ஆட்டத்தில், மின்னஸோட்டாவுக்கு எதிராக, தாம் முந்திக்கொண்டிருந்த நேரத்தில், சொந்த எல்லைக்கு இருபத்தெட்டே கெஜத்தில் நின்றுகொண்டு, உதைத்து அனுப்ப வேண்டிய பந்தை நான்காம் முயற்சியில் ஆடச் சொன்னார், பந்து பறிபோயிற்று, எதிரி முந்தினான். ஆனால் அதே ஆட்டத்தின் கடைசி விநாடியில், அதுவும் ஒரு நான்காம் முயற்சியிலேயே, க்வார்ட்டர்பேக் ஜேரட் காஃப் எறிந்த பந்தை அமன்-ரா செயிண்ட் பிரௌன் எல்லைக்குள் பிடித்து 29-27 என்று முதல் வெற்றியைக் கொண்டுவந்தார். கேம்ப்பெல் என்னும் மனிதரின் ஜாதகம் முழுவதும் அந்த ஓர் ஆட்டத்தில் அடங்கிவிட்டதென்றே எனக்குத் தோன்றுகிறது.

2023-க்கு வருவோம். பருவத்தின் முதல் ஆட்டமே நடப்புச் சாம்பியனாகிய கான்சஸ் சிட்டியை அதன் சொந்த மைதானத்தில் எதிர்த்து. முதற்கால் பகுதியிலேயே, சொந்த எல்லைக்குப் பதினேழு கெஜத்தில், பந்தை உதைத்து அனுப்புவதுபோல் பாசாங்கு செய்து ஓடச் செய்தார், பாசாங்கு பலித்தது, ஆட்டமும் 21-20 என்று கைக்கு வந்தது. நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸுடன் 38-38 என்று சமனாக நிற்கையில், இரண்டு நிமிஷங்கூடப் பாக்கியில்லாத நேரத்தில், மூன்று புள்ளியை உதைத்து எடுத்துக்கொண்டு எதிரிக்கு அவகாசம் கொடுப்பதைவிட நான்காம் முயற்சியில் இரண்டு கெஜம் முன்னேறுவதே மேல் என்று துணிந்தார். முன்னேறி, நேரத்தைக் கரைத்து, பிறகே உதைத்து வென்றார். இப்படியாக அந்த வருஷம் பன்னிரண்டு வெற்றி, ஐந்து தோல்வி. 1993-க்குப்பின் முதன்முறையாகப் பிரிவின் முதலிடம்.

2024 ஜனவரி 14 அன்று ஃபோர்டு ஃபீல்டில் ராம்ஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தைப் பற்றி மட்டுமே ஒரு மணி நேரம் பேசலாம். சாப்பாட்டு நேரத்தை உத்தேசித்துச் சுருக்குகிறேன். 2008-இன் அவமானத்துக்கு நஷ்டஈடாக, மறு ஆண்டு புதிய ஆட்டக்காரர்களுக்கான முதல் தேர்வுரிமையில் லயன்ஸ் பெற்ற க்வார்ட்டர்பேக் மாத்யூ ஸ்டாஃபர்டு, பன்னிரண்டு பருவங்கள் இங்கே உழைத்துவிட்டு, 2021-இல் ராம்ஸுக்கு மாற்றப்பட்டு, அந்தப் பருவத்திலேயே சூப்பர் பௌல் என்னும் சாம்பியன் பட்ட ஆட்டத்தை வென்றவர். அவருக்கு ஈடாக, வருங்காலத் தேர்வுரிமைகளோடு சேர்த்து, வேண்டாத சரக்காக இங்கே அனுப்பப்பட்டவர் காஃப். அந்த ஸ்டாஃபர்டு எதிரணியின் தலைவராகத் திரும்பி வந்தபோது ஜனங்கள் அவரை ஏசியதை நான் ரசிக்கவில்லை. ஆனால் 24-23 என்று ஆட்டம் முடிந்ததும், ராம்ஸ் வேண்டாமென்று தள்ளிய காஃபின் பெயரை அரங்கம் முழுவதும் ஒரே குரலில் முழங்கியதே, அதை ரசிக்காதவன் மனிதனா? முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்த வெற்றி அது. அடுத்த வாரம் டாம்பா பேயையும் வென்றார்கள்.

பிறகு வந்தது ஜனவரி 28, சான் பிரான்ஸிஸ்கோவுடனான ஆட்டம். அதில் வென்றால் அணியின் ஆயுளிலேயே முதல் சூப்பர் பௌல். பாதி ஆட்டத்தில் 24-7 என்று லயன்ஸ் முன்னிலை. பின்பாதியில் 24-10 என்றிருக்கையில் எதிரியின் எல்லைக்கு இருபத்தெட்டு கெஜத்தில், இரண்டு கெஜம் பாக்கியிருக்க, நான்காம் முயற்சி, கேம்ப்பெல் உதைக்கவில்லை. ஜோஷ் ரேனால்ட்ஸின் கைக்கே வந்த பந்து நழுவிற்று. சிறிது நேரத்தில் எதிரி எறிந்த நெடும்பந்து நம் தடுப்பாட்டக்காரரின் முகக்கவசத்தில் மோதித் தெறித்து எதிரியின் கையிலேயே போய் விழுந்தது, அடுத்து நம்மவர்கள் பந்தைத் தரையில் தவறவிட்டார்கள், சில நிமிஷங்களில் 24-24. கடைசிக் கால் பகுதியில் 27-24 என்று பின்தங்கியபோது முப்பது கெஜத்தில் மறுபடியும் நான்காம் முயற்சி, மறுபடியும் உதைக்கவில்லை, மறுபடியும் தவறிற்று. முடிவு 34-31, தோல்வி.

அன்று இரவே நாடெங்கும் அவரைச் சூதாடி என்றார்கள். ஆறு புள்ளிகளை எடுத்து வைத்திருந்தால் ஆட்டம் நம்முடையது என்று கணக்குப் போட்டவர்களில் நம் சங்கத்து அங்கத்தினர்களும் இருந்தார்கள். கணக்கில் நாம் யாருக்கும் சளைத்தவர்களல்லவே! அந்தக் கணக்கு என் மனத்துக்கு ஒப்பவில்லை. கான்சஸ் சிட்டியிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் அதே செயலைத் தீரம் என்று கொண்டாடியவர்கள், கைக்கு வந்த பந்தை ஒருவர் தவறவிட்ட காரணத்தால் அதை மூடத்தனம் என்று சொல்வது, விளைவைப் பார்த்துவிட்டு யோசனைக்கு மதிப்பெண் போடுகிற காரியம். ஆறு புள்ளிகளும் எடுத்து வைக்கப்பட்டிருக்கும் என்பதற்குத்தான் என்ன உத்தரவாதம்? நாற்பத்தைந்து கெஜத்துக்கு மேற்பட்ட உதைகள் தவறுவதில்லையா? தவிர, பன்னிரண்டு வெற்றிகளையும் எந்தச் சுபாவத்தைக் கொண்டு சம்பாதித்தாரோ அந்தச் சுபாவத்தை மிகப் பெரிய ஆட்டத்தன்று வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டுமென்று அவரிடம் எதிர்பார்ப்பது என்ன நியாயம்? ஆட்டம் முடிந்ததும், அம்முடிவுகளுக்காகத் தாம் வருந்தவில்லை என்றே அவர் சொன்னார்.

அடுத்த பருவத்தில் லயன்ஸ் பதினைந்து வென்று இரண்டே தோற்றது. கேம்ப்பெலும் நான்காம் முயற்சியில் துணிவதை விட்டுவிடவில்லை. 2025 ஜனவரியில் வாஷிங்டன் அணி ஃபோர்டு ஃபீல்டுக்கே வந்து 45-31 என்று நம்மை வெளியேற்றியது. பந்தை ஐந்து முறை எதிரியிடம் பறிகொடுத்ததால் நேர்ந்த தோல்வி அது. முந்திய ஆண்டு ஏசியவர்களுக்கு இந்தத் தடவை அந்தப் பழைய காரணமும் கிடைக்காமற்போயிற்று.