மனசு பாரமான நாளில் ஒரு கதை

(வாசகசாலையில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து குறைந்து அரைப்பேர் விழும்போதும், கடைக்கடன் ஏறும்போதும், வீட்டில் ஒரு இழப்பு வரும்போதும் மனசு பாரமாகிறது. அந்த நேரத்தில் கதை படிப்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம். "இது பொழப்பத்த பேச்சு" என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நாங்களும் லயத்துக் காம்பராவில் வளர்ந்தவர்கள்தான். அப்பா காலமான வருடம் எங்கள் அம்மா மலைக்குப் போவார், வருவார், அடுப்பு மூட்டுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். யார் சொன்ன ஆறுதலும் ஏறவில்லை. அந்தச் சமயம் கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' எங்கள் கைக்குக் கிடைத்தது. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்து, ஐந்து பாகங்களாக அச்சான கதை அது. குப்பி விளக்கு வெளிச்சத்தில் சத்தமாக வாசித்தோம். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். தூங்குகிறார் என்றே நினைத்தோம்.

வந்தியத்தேவன் பூங்குழலியின் படகில் இலங்கைக்குப் புறப்படுகிற இடத்தில் விளக்கில் எண்ணெய் தீர்ந்துபோனது. புத்தகத்தை மூடினோம். இருட்டில் அம்மாவின் குரல் கேட்டது: "அந்தப் பய கரை சேந்தானாப்பா?"

பல வாரத்துக்குப் பிறகு அம்மா தானாகக் கேட்ட கேள்வி அது. மறுநாள் மலையால் வந்ததும், "புஸ்தகத்த எடு" என்றார். கதையில் தம்புள்ளையும் அநுராதபுரமும் வந்தபோது, "அது நம்ம நாட்டு ஊருதானே!" என்று எழுந்து உட்கார்ந்தார்.

அப்பா திரும்பி வரவில்லை. கடனும் குறையவில்லை. ஆனால் தினமும் ஒரு மணித்தியாலம் அம்மாவின் மனசு இளைப்பாறியது. கூடையை இறக்கிவைத்து, தலைக்கயிறு பதிந்த இடத்தைத் தடவிக்கொள்கிற நேரம் போல. மறுபடியும் கூடையைத் தூக்கத்தானே அந்த ஓய்வு!

இது நமக்குப் புதிதல்ல. மாசியில் காமன் கூத்துப் பார்க்கிறோம். ரதி அழும்போது நம் பெண்களும் அழுகிறார்கள். ரதிக்காக மட்டுமா அழுகிறார்கள்? சொல்ல முடியாத சொந்தத் துக்கமும் அதோடு கரைகிறது. சாராயமும் கவலையை மறக்கவைக்கும் என்பார்கள். அது சம்பளத்தையும் எடுத்துக்கொண்டு, வீட்டில் சண்டையையும் வைத்துவிட்டுப் போகும். கதை எதையும் பிடுங்குவதில்லை.

ஒன்றை மறக்கக்கூடாது. கதை மருந்தல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, "இனி வாழ்ந்து என்ன" என்ற நினைப்பு வருகிறது என்றால், வைத்தியரிடம் போக வேண்டும். அந்த நினைப்பு வந்தால் இரண்டு வாரம் பார்த்திருக்கவும் வேண்டாம். உடனே ஒருவரிடம் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குப் பேசலாம். எங்களிடமும் வரலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

படிக்கத் தெரியாதவர்கள் வீட்டுப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் வாசிப்பு வளரும். பக்கத்துக் காம்பராவில் யாராவது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், அவருக்கும் கேட்கிற மாதிரி கொஞ்சம் சத்தமாகவே வாசிக்கட்டும்.