விடுதி வாழ்வும் எங்கள் வேண்டுகோளும்



பேராதனைக்குப் பல்கலைக்கழகம் 1952இல் வந்தபோது, விடுதி வாழ்வும் கல்வியின் அங்கமெனக் கொள்ளப்பட்டது. அங்குள்ள விடுதி ஒன்று, இலங்கைக்குப் பல்கலைக்கழகம் வேண்டுமென 1906இல் இயக்கம் கண்ட சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. யாழ்ப்பாணத்தாரோடும் மட்டக்களப்பாரோடும் சிங்கள நண்பர்களோடும் ஒரே மேசையில் உண்கிறோம். விரிவுரையில் விளங்காத பாடம், இரவில் பக்கத்து அறை நண்பனிடம் விளங்கிவிடுகிறது.

குடும்பம் முழுவதும் உறங்கும் லயத்து அறையில் இவ்வசதி ஏது? 1945இல் வந்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. 1970களிலேதான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அந்தப் பின்தங்கல் இன்னும் தீரவில்லை.

ஆகவே பெரியோர்களே, விடுமுறை நாட்களின் மாலையில் சங்க மண்டபத்தைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். விளக்கும் மேசையும் நீங்கள் தாருங்கள். பாடம் நாங்கள் சொல்லித் தருகிறோம்.