தோஷமா, தாகமா?



சுகாதாரத்தைப் பற்றி ஏதாவது பேச வேண்டுமென்று இவ்வூர் வாலிபர்கள் நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். அது கடல் போன்ற விஷயமாகையால், இன்று ஒரே ஒரு சங்கதியை மாத்திரம் எடுத்துக் கொள்ளுகிறோம். அதாவது, கைக்குழந்தைக்கு வயிற்றாலே போனால் நாம் என்ன செய்கிறோம், என்ன செய்ய வேண்டும் என்பதுதான். இதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். உலகத்தில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளைக் கொண்டு போகும் பெரிய வியாதிகளில் இன்றைக்கும் இது ஒன்று என்பதை அவர்கள் தயவு செய்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

குழந்தைக்கு நாலு தடவை தண்ணீராய்ப் போய்விட்டால் நம் வீடுகளில் நடப்பதென்ன? பாட்டியார் வந்து பார்த்து, "தொக்கம் விழுந்திருக்கிறது" என்கிறார். பக்கத்து வீட்டம்மாள், "இல்லையில்லை, குடலேறியிருக்கிறது" என்கிறார். எதிர் வீட்டுப் பெரியவரோ, "பறவை நிழல் பட்ட புள் தோஷம்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். தொக்கம் எடுக்க ஓர் ஆள், குடல் தட்ட ஓர் ஆள், மந்திரித்துக் கயிறு கட்ட ஓர் ஆள். இந்த மூன்று பேர் வாசலுக்கும் தூக்கிக் கொண்டு அலைவதற்குள் பொழுது சாய்ந்து விடுகிறது. அதற்கிடையில், "போகிற வயிற்றுக்குத் தண்ணீர் கொடுக்காதே, இன்னும் போகும்" என்று ஒரு கட்டளை வேறு. நெருப்புப் பிடித்த வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றாதே என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இவை எல்லாவற்றையும்விட இழிவானது தீட்டு என்ற கதை. வீட்டு விலக்கான ஒரு பெண் குழந்தையைத் தொட்டுவிட்டாளாம், அவள் காற்றுப் பட்டுவிட்டதாம், அதனால் பேதியாம்! நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் குழந்தை துவண்டு கிடக்கும்போது, "நீ எங்கே போய் யாரைத் தொட்டு வந்தாய்?" என்று பெற்ற தாயை நிற்க வைத்து விசாரணை நடந்ததை நாமே பார்த்தோம். விசாரணை செய்தவர்களில் ஒருவருக்காவது குழந்தையின் வாயில் ஒரு கரண்டி தண்ணீர் விடத் தோன்றவில்லை. குழந்தை பிழைத்தது, ஆனால் அந்தத் தாய் அன்று பட்ட அவமானத்தை யார் துடைப்பது?

"தோஷம் இல்லாமலா உச்சிக்குழி இறங்குகிறது? கண் உள்ளே போகிறது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதிலையும் கேளுங்கள். உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் பேதியோடு வெளியேறி விடுகின்றன. தண்ணீர் குறைந்தால் உச்சிக்குழி இறங்கும், கண் குழி விழும், நாக்கு உலரும், அழுதால் கண்ணீர் வராது, மூத்திரம் குறையும். நீங்கள் தோஷத்தின் அடையாளம் என்று சொல்லுகிறவை எல்லாம் தாகத்தின் அடையாளங்களேயாகும்.

"எங்கள் வீட்டில் கயிறு கட்டினோம், நின்று விட்டதே" என்பார் ஒருவர். பெரும்பாலான பேதி சில நாட்களில் தானாகவே நின்றுவிடக் கூடியது. நிற்கிற வேளையில் கட்டிய கயிற்றுக்குப் பெயர் வருகிறது. நிற்காமல் குழந்தை செத்துப் போனால், கயிற்றை யாரும் குற்றம் சொல்லுவதில்லை. விதி என்று விட்டு விடுகிறார்கள். லாபமெல்லாம் மந்திரக்காரனுக்கு, நஷ்டமெல்லாம் விதிக்கா?

1971-இல் வங்காள தேச யுத்தத்தின்போது, எல்லையோரத்திலுள்ள பங்காவ் என்ற ஊருக்கு அகதிகள் லட்சக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். முகாமில் காலரா பரவிற்று. நரம்பு வழியே ஏற்றும் உப்பு நீர் தீர்ந்து போயிற்று. டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்பவர் உப்பையும் குளுக்கோஸ் சர்க்கரையையும் தண்ணீரில் கரைத்துப் பீப்பாய்களில் வைத்து, உறவினர்களையே எடுத்துப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக் கொண்டிருந்த இடத்தில், சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கிற்று. இதில் மந்திரமில்லை. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து போனால்தான் குடல் அவ்விரண்டையும் இழுத்துக் கொள்ளும். கூடவே தண்ணீரும் உள்ளே போகும். பேதி நடக்கிறபோதும் குடலின் இந்த வழி அடைபடுவதில்லை. வெறும் தண்ணீருக்கு இந்தச் சக்தி போதாது.

அந்த மருந்துதான் இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் இனாமாகக் கிடைக்கிறது. பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ, அவ்வளவு சுத்தமான தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பாதியைப் போட்டுப் பாதியை நாளைக்கு வைத்துக் கொள்ளும் சிக்கனம் இங்கே உதவாது. கரைத்ததைக் கொதிக்க வைக்கக் கூடாது. ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. பொட்டலம் இல்லாத இடத்தில், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்குத் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும், தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் போடலாம். உப்பு மிஞ்சினால் ஆபத்து. ஒவ்வொரு முறை போன பின்பும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி வரை கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, மறுபடி மெதுவாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. துத்தநாக மாத்திரையும் அங்கேயே தருவார்கள். பேதி நின்றாலும் அதை 14 நாள் கொடுத்து முடிக்க வேண்டும்.

மலத்தில் இரத்தம் கண்டாலும், குழந்தை குடிக்க மாட்டாமல் சோர்ந்து கிடந்தாலும், கிள்ளிவிட்ட வயிற்றுத் தோல் உடனே படியாமல் நின்றாலும், கரைசலைக் கொடுத்துக் கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அப்போது நல்ல நேரம், ராகு காலம் பார்க்கிறவரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

இது வருகிற வழியையும் சொல்லிவிடுகிறோம். பால் குடிக்கிற குழந்தையின் மலத்தில் தோஷமில்லை என்று நம்மவர்கள் அதை வாசலில் எறிகிறார்கள். கழுவிய கையைச் சேலையில் துடைத்துவிட்டுச் சோறு பிசைகிறார்கள். மனிதன் தொட்டால் தீட்டென்று குளிக்கிற நாட்டில், மலம் தொட்ட கைக்குச் சோப்பு இல்லை! அடுத்தது தண்ணீர்ப் பானை. விரல் முங்க டம்ளரை விட்டு மொள்ளுகிறோம். ஒரு நீண்ட பிடி அகப்பை என்ன விலை? 2016 முதல் படிப்படியாக நம் நாட்டில் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தும் குழந்தைகளுக்கு இனாமாகக் கொடுக்கப்படுகிறது. 6, 10, 14-வது வாரங்களில் அதைத் தவறாமல் போட்டுக் கொள்ள வேண்டும்.

பேசியது போதும். மேஜை மேல் ஒரு லிட்டர் தண்ணீரும், பொட்டலமும், கரண்டியும் இருக்கின்றன. கரைக்கும் விதத்தை இப்போதே செய்து காட்டப் போகிறோம். பின்னால் நிற்கும் தாய்மார்களுக்கு முன் வரிசைத் தோழர்கள் இடம் விட்டு எழுந்திருங்கள். ஆண்களும் அருகில் வந்து பார்க்க வேண்டும். ராத்திரியில் குழந்தைக்குப் போனால் நீங்களும் எழுந்து கரைக்க வேண்டியவர்கள்தான்.