கண் அசைவது காதில் கேட்டால்

கண்ணை இடமும் வலமும் உருட்டினால் அந்தச் சத்தம் காதுக்குள் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால் நம்புவீர்களா? பலத்த சத்தம் கேட்டாலே தலை சுற்றுகிறது என்றும் சொல்கிறார். இப்படிச் சொன்னவர்களிடம் ‘எல்லாம் மனப்பிரமை’ என்று சொல்லி அனுப்பியதும் உண்டு. பாவம், அவர்கள் சொன்னது நிஜம்.

1998-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் லாயிட் மைனரும் அவருடைய குழுவினரும் காரணத்தைச் சொன்னார்கள். உட்காதில், உடம்பு தள்ளாடாமல் காக்கும் அரைவட்டக் குழல்கள் மூன்று. மேல்குழலுக்கும் மூளைக்கும் நடுவே, மண்டையோட்டின் அடித்தளத்தில், மெல்லிய எலும்புக் கூரை ஒன்று இருக்கிறது. அதில் ஓட்டை விழுந்தால் உடம்புக்குள் எழும் சத்தமெல்லாம் பெரிதாகக் கேட்கும்.

காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் அந்த ஓட்டை தெரியாது. சி.டி. ஸ்கேன்தான் காட்டும். அதுவும் சுமார் அரை மில்லிமீட்டர் மெல்லிய துண்டுகளாக எடுத்து, குழல் போகும் திசையிலேயே திருப்பிப் பார்க்க வேண்டும். துண்டு தடித்துவிட்டால், இருக்கிற எலும்புகூட இல்லாததுபோல் தெரியும்! அதனால் படத்தோடு நோயாளி சொல்வதையும், காதுப் பரிசோதனைகளையும் சேர்த்தே முடிவுசெய்கிறார்கள். தொல்லை மிகுந்தவர்களுக்கு அறுவை சிகிச்சையில் அந்த ஓட்டையை அடைக்கிறார்கள். பலருக்குக் கண் அசையும் சத்தம் நின்றுவிடுகிறது.