ஓரக் குறிப்பும் உயர்கல்வியும்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில், பழைய பாடநூல் ஒன்றை மலிவாக வாங்கினேன். அதில் ஒரு பத்தி எனக்கு விளங்கவே இல்லை. வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சம். ஆனால், எனக்கு முன் அந்நூலைப் படித்த யாரோ ஒருவர், அப்பத்தியின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு வரி எழுதியிருந்தார். அதைப் படித்ததும் பொருள் விளங்கியது. முகம் தெரியாத அவரும் எனக்கு ஓர் ஆசிரியரே.

ஓரக் குறிப்பு சாதாரணமானதன்று. 17-ஆம் நூற்றாண்டில், பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் பெர்மா, தாம் படித்த நூலின் ஓரத்தில் ஒரு தேற்றத்தைக் குறித்து, நிரூபணத்தை எழுத இங்கே இடம் போதாது என்றும் எழுதிவைத்தார். அவர் மறைந்தபின், 1670-இல் அவருடைய மகன் அக்குறிப்புகளுடன் அந்நூலை அச்சிட்டார். அறிஞர் பலர் தலைமுறை தலைமுறையாக அதில் முயன்றனர். இறுதியில் 1995-இல் ஆண்ட்ரூ வைல்ஸின் நிரூபணம் வெளிவந்தது. மகன் அச்சிடாமல் விட்டிருந்தால், அக்குறிப்பு அந்த ஒரு நூலோடு மறைந்திருக்கக்கூடும்.

இன்று பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் இதுவே ஒரு கற்பித்தல் முறையாகியுள்ளது. பாடப்பகுதி கணினித் திரையில் இருக்கும். மாணவர் ஒரு வரியைச் சுட்டி, "இது எனக்கு விளங்கவில்லை" என்று அதன் ஓரத்தில் எழுதுவார். இன்னொரு மாணவர் விளக்கம் தருவார். மாணவர் எங்கே இடறுகின்றனர் என்பதை, வகுப்புக்கு வருமுன்பே விரிவுரையாளர் அறிந்துகொள்வார். ஹைப்போதிசிஸ், பெருசால் முதலியவை இதற்கான கருவிகள். அமெரிக்காவில் 2016-இல் தொடங்கிய 'மார்ஜினல் சிலபஸ்' என்னும் முயற்சியில், ஆசிரியர்கள் கல்விக் கட்டுரைகளின் ஓரத்தில், எவரும் காணும்படி உரையாடினர். இதைத்தான் திறந்த கற்பித்தல் என்கிறோம்.

இதில் எச்சரிக்கையும் வேண்டும். பொதுவில் எழுதிய பிழையை உலகமே பார்க்கும். ஆகவே, முதலில் வகுப்புக் குழுவுக்குள் எழுதிப் பழகட்டும். பிறகு பொதுவில் எழுதுவதா வேண்டாமா என்பதை மாணவரே முடிவு செய்யட்டும்.

பெற்றோர்களே, நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கல்லூரியில் வாய் திறந்து கேட்கத் தயங்குவார்கள். கேட்காத சந்தேகம் பெருகிப் பெருகிப் படிப்பையே கெடுத்துவிடும். அவர்களுக்கு இந்த ஓரம் ஒரு வாசல்.

வீட்டிலேயே இதைத் தொடங்கலாம். பள்ளி இரவல் நூல்களில் எழுதக்கூடாது. மூத்த பிள்ளை தனக்குப் புரிந்ததைத் துண்டுத்தாளில் எழுதிப் பக்கத்தில் செருகட்டும். இளைய பிள்ளை அதன்கீழ் தன் கேள்வியை எழுதட்டும். கேட்பது வெட்கமன்று என்பதை அந்தத் துண்டுத்தாள் கற்றுத்தரும்.